ரைசா குபெர்மனுக்கு ஒரு பூரீம் தட்டு

எந்தப் பண்டிகைக்கு எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோனால் மானம் போகும் என்பதில் யூதர்கள் நிறைந்த எங்கள் ஓன்ஸே பேட்டையில் ரைசா குபெர்மன் வைத்ததுதான் சட்டம். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பரிசுத் தட்டு கட்டி விற்கும் கடை அவளுடையது. நான்காம் மாடியில் என் வாசலுக்கு எதிர்வாசல் அவள் வீடு. நான் செல்மா ஹராரி, அடுத்த தெருவில் பட்டன் விற்பவள். இருபத்திரண்டு வருஷமாக அவள் வாய்க்கு ஈடுகொடுத்து வருகிறேன்.

ஒருமுறை, கல்யாணமான புதிதில் ஒருவன் மாமியார் வீட்டுக்கு பிஸ்கட் டப்பா கேட்டு வந்தான்.

"பஸ்காவுக்கு பிஸ்கட்டா? வாசப்படியோட திருப்பி அனுப்பிடுவாங்கப்பா. எட்டு நாளைக்கு அந்த மாதிரி மாவுப் பண்டம் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. பழம் கொண்டு போ, உன் பொண்டாட்டி மானமாவது தப்பிக்கும்" என்றாள்.

வருஷப் பிறப்புக்குத் தேனும் மாதுளையும், ஹனுக்காவுக்குப் பிள்ளைகளுக்குப் பம்பரம். பகட்டுக்காக வாங்க வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. பெரிய தட்டு கேட்டவர்களிடம் சின்னதைக் கொடுத்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

பூரீம் வந்தால் அவளுக்கு நிற்க நேரமிருக்காது. அன்று பகலில், பொழுது சாய்வதற்குள், ஒவ்வொருவரும் நம் ஜனத்தில் ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் கொடுத்தாக வேண்டும். ஆனால் எங்கள் ஜனத்திலேயே வேறு கிளையான ரைசாவின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தாயோ தகப்பனோ இறந்தால், அந்த ஒரு வருஷம் அவர்கள் பிறருக்குக் கொடுக்கலாம், அவர்களுக்கு யாரும் கொடுக்கக் கூடாது. அலெப்போவிலிருந்து வந்த எங்களிடம் அது கிடையாது. என் அப்பா இறந்த வருஷம், ரைசாவின் தட்டுக்காகச் சாயங்காலம்வரை காத்திருந்தேன். வரவில்லை. ஐந்து மாதம் அவளோடு பேசவில்லை. மரியாதைக்காகத்தான் அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும் மனசு ஆறவில்லை என்பதுதான் நிஜம்.

போன ஜூலையில் ரைசாவின் அம்மா இறந்துபோனாள். தொண்ணூற்றொரு வயது. பூரீம் அன்று வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற தட்டுகளை எண்ணுவதுதான் அந்த அம்மாளுக்கு வருஷத்திலேயே பெரிய வேலை.

இந்த மார்ச்சில் பூரீம் வந்தது. மத்தியானம் ரைசா வழக்கம்போல எனக்கான தட்டைக் கொண்டுவந்தாள்.

"எனக்குத் திருப்பி எதுவும் கொடுத்துடாதே. தெரியுமில்ல?"

"தெரியும் தாயே. காலையில் எழுந்ததும் அதைத்தானே சொன்னே."

அவள் கட்டிய தட்டுகளே அவள் வாசலைத் தாண்டி மற்ற வீடுகளுக்குப் போயின. லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் கதவு திறந்து மூடியது. மூன்று முறை. நான் கட்டி வைத்திருந்த தட்டை யாருக்கும் கொடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

என் மகள் போன் செய்தாள். "அம்மா, உன் தட்டு இன்னும் வரலையே?"

"வராது. பேசாம விருந்துக்குப் போ."

ஆறரைக்குக் கட்டடமே காலி. எல்லாரும் விருந்துக்குப் போய்விட்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு எதிர்வாசல் மணியை அடித்தேன். ரைசா கதவைத் திறந்து தட்டைப் பார்த்தாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நான் வாங்கக் கூடாதுடி."

"காலையிலேர்ந்து நான் யாருக்கும் கொடுக்கலை."

"யாருக்குமேவா? உன் பொண்ணுக்கு?"

"இல்லை."

"ரெண்டாம் மாடி ஸில்பர்மன் வீட்ல குடு."

"பூட்டிக் கிடக்கு. இப்ப இந்தக் கட்டடத்துல நம்ம ஜனம் நீயும் நானும்தான். வேற ஆளே இல்லைன்னா துக்கக்காரங்களுக்கும் கொடுத்துத்தான் ஆகணும். எனக்கு இதைச் சொன்னதே நீதான்."

அவள் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய் நடை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். எதிர்க்கட்டடத்தின் மேல் தளத்தில் மட்டும்தான் வெயில் இருந்தது.

"வேணும்னே பண்ணியிருக்கே."

"ஆமா. நீ வாங்கலைன்னா இந்த வருஷம் என் கடமை போச்சு. பாவம் உன்னைச் சேரும்."

ரைசா என்னைத் திட்டினாள். என் அலெப்போ வம்சத்தையே திட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள். வாங்கியதும் முதல் வேலையாகத் துணியை விலக்கி, இரண்டு வகை இருக்கிறதா என்று சரிபார்த்தாள். எள் தூவிய வளையமுறுக்கும் பேரீச்சம்பழமும் இருந்தன. ஒரு முறுக்கைக் கடித்தாள்.

"எள்ளு தீஞ்சு போச்சு" என்றாள். வருஷா வருஷம் சொல்வதுதான்.

தட்டோடு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. வாசலை ஒட்டி அவள் அம்மாவின் நாற்காலி அப்படியே இருந்தது. தட்டை அதன்மேல் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு வந்திருக்கும்மா" என்றாள்.