பெட்டியிலேயே இருந்த ஷவர்

சிவதாசன் ஷார்ஜாவில் பத்தொன்பது வருடம் ஓட்டல் குளியலறைகளைத் துடைத்தவன். கடைசியாகக் கொல்லத்துக்குத் திரும்பியபோது தங்கம் கொண்டுவரவில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ஷவர் கொண்டுவந்தான். வீடு கட்டி முடியும்வரை அது கட்டிலுக்கடியில் பெட்டியோடு கிடந்தது.

குளியலறைக்கு ஓடு பதித்த வாரத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது.

குழாய் வேலைக்கு வந்த ஜோஸி, அவன் மனைவி ஓமனாவிடம் கேட்டான். "சேச்சி, எங்க ஓட்டை போடட்டும்? தலைக்கு மேலயா, இடுப்புக்கு நேராவா?"

"ரெண்டும் வெச்சா?"

"ஒரு லைன்தான் விட்டிருக்கு. சேட்டன் உக்காந்துதானே குளிக்கணும்? கையில பிடிக்கிறது போதும். பெரிசு வெச்சா நான்தான் தெனம் வந்து குளிக்கணும்."

ஓமனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உச்சியில் தண்ணீர் பட்டால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும், விழுந்த பக்கம் எழும்பாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நாற்பது நாளாகக் கழுத்துக்குக் கீழேதான் ஊற்றிவிடுகிறாள்.

"இடுப்புக்கு நேரா போடு" என்றாள்.

மறுநாள் காலை நாற்காலியில் உட்காரவைத்ததும் சிவதாசன் முதலில் மேலே பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த சின்ன ஷவரைப் பார்த்தான்.

"அப்ப... வைக்கல."

"உங்களுக்குத்தான் தலைக்கு ஆகாதே, சேட்டா."

அவனுக்கு நாக்குக் குழறியது. "ஆயிரம் ஷவர் துடைச்சிருக்கேன்டீ. ஒண்ணுக்கடியிலயும் நின்னதில்ல. நின்னா வேலை போயிரும்."

ஓமனா கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்து, முக்காலியில் ஏறி, அந்தச் சின்ன ஷவரை இரண்டு கையாலும் கூரைவரை தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் அவன் உச்சியில் கொட்டியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தோள் விண்விண் என்று தெறித்தும் அவள் கையை இறக்கவில்லை.

"போதும்டீ. கை வலிக்கும்."

அவள் குழாயை மூடி, ஷவரை அவன் மடியில் போட்டுவிட்டு, பதறிப்போய்த் தலையைத் துவட்டினாள். நீர் கோக்காமலிருக்க வைக்கும் ராஸ்னாதிப் பொடியை வழக்கத்தைவிட மூன்று சிட்டிகை அதிகமாக அள்ளி உச்சியில் வைத்துத் தேய்த்தாள். அதற்குள் அவன் துண்டின் நுனியை இடக்கையால் பிடித்து, மடியில் கிடந்த ஷவரின் மேலிருந்த நீர்த்துளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க, நான் துடைக்கிறேன்."

"கறை இருந்தா சூப்பர்வைசர் கத்துவான்" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறானா, இல்லை இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்று ஓமனாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. அவன் துடைத்து முடிக்கும்வரை துண்டின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.