கை வைக்கையிலும் எடுக்கையிலும்

2008 பிப்ரவரியில் நான் விருதுநகர் போனது ஊர் பார்க்க அல்ல, சென்னையை விட்டு ஓடிவிடத்தான். ஒற்றை அணுவை வைத்து வெப்ப இயந்திரம் செய்வது என் ஆராய்ச்சி. சூடான பக்கம் ஒட்டி வெப்பத்தை வாங்கும், குளிர்ந்த பக்கம் ஒட்டி மிச்சத்தை விடும், நடுவில் கொஞ்சம் வேலை செய்யும். என் தாளிலோ அது எந்த வெப்ப இயந்திரமும் தாண்ட முடியாத திறன் எல்லையைத் தாண்டி ஓடியது. திங்கட்கிழமைக்குள் பிழையைக் கண்டுபிடி, இல்லாவிட்டால் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடு என்றுவிட்டார் என் ஆராய்ச்சி வழிகாட்டி. மூன்று வருட உழைப்பு. அழுதே விட்டேன்.

சனி காலை 6.40க்கு ரயில் இறக்கிவிட்டது. சிவகாசி பஸ்ஸில் ஆமத்தூருக்குப் பத்து கிலோமீட்டர், ஐந்து ரூபாய். என் விடுதித் தோழி செல்வி அங்கே பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். அனுமதியெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். நான்தான் புத்திசாலித்தனமாக நைலான் சுடிதாரில் போய் நின்றேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே இல்லை.

"நூல் துணி உடுத்திட்டு வாங்க. இதுல தீப்பொறி பறக்கும்."

செல்வியின் நூல் சேலைக்கு மாறி 9.15க்கு உள்ளே போனேன். வெடிமருந்து அறை வாசலில் ஒரு செப்புத் தகடு. உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்கு இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் எல்லோரும் நுழைந்தார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். இம்புட்டு மருந்துக்குப் பக்கத்தில் பயமில்லையா என்று செல்வியிடம் கேட்டேன்.

"சும்மா கெடக்குறப்ப அது ஒண்ணும் பண்ணாது. கை வைக்கிறப்பவும் எடுக்கிறப்பவுந்தான் சூதானமா இருக்கணும்" என்றாள்.

அப்போதுதான் என் பிழை பிடிபட்டது. அணு ஒட்டியிருக்கும் நேரத்தை மட்டுமே நான் கணக்கிட்டிருந்தேன். ஒட்ட வைக்கவும் பிரிக்கவும் ஆகும் சக்தியை இலவசமாக எடுத்துக்கொண்டுவிட்டேன். பெரிய இயந்திரத்தில் அது தூசு. ஓர் அணுவுக்கு அது பெரும் பங்கு.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நோட்டைப் பிரித்தேன். பதினொன்றரைக்கு விடை எல்லைக்குள் அடங்கிவிட்டது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் இருந்தது. டீயோடு வந்த செல்வி, இயந்திரம் இனி வேகமாக ஓடுமா என்றாள். முன்பைவிடக் குறைவாகத்தான் என்றேன்.

"கொறஞ்சதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?"

பட்டாசுக் கம்பெனி பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். செல்போனைக் கேட்டிலேயே கொடுத்துவிடுங்கள். நூல் துணி கட்டாயம்.

திங்கள் காலை, அத்தியாயம் இருக்கட்டும் என்றார் வழிகாட்டி. செல்வியின் சேலையை இன்னும் திருப்பித் தரவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு அதைத்தான் கட்டிப் போகப் போகிறேன்.