வால்வு ரேடியோவில் அதிரசம்

காலை ஒன்பதே முக்கால். என் மனைவி பதினோரு மணிக்கு எஃப்.எம்மில் பேசப் போகிறாள். என் ரேடியோவிலோ எஃப்.எம். செத்துக் கிடக்கிறது.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வானொலி நிலையம். தீபாவளிக்கு அதிரசம் சுடுவது பற்றிப் பத்து நிமிடம் நேரலையில் பேச அவளை அழைத்திருந்தார்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "என்னங்க, வேற எதுலயும் கேக்காதீங்க. உங்க பெட்டியில என் குரல் எப்படி இருக்குன்னு வந்து கேப்பேன்" என்றாள்.

"ராஜாத்தி குரல் மாதிரி இருக்கும், போயிட்டு வா" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

கடலூரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய ஜெர்மன் வால்வு ரேடியோ அது; உள்ளே பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறினால்தான் பாடும். அதற்கு முன் உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். அன்று எஃப்.எம். பட்டனை அழுத்தினேன். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, இரைச்சல்கூட இல்லை. எனக்கு வந்ததே கோபம்! முதலில் நிலையத்தைத் திட்டினேன். பிறகு, அதுதான் அலையைக் கெடுக்கிறது என்று பக்கத்து வீட்டு மொபைல் சார்ஜரைத் திட்டினேன். அதற்குள் அக்கா பேசுவதைக் கேட்க கடலூரிலிருந்து பஸ் பிடித்து மச்சான் வந்து சேர்ந்தான். அவனையும் திட்டினேன்.

"நான் இப்பத்தான் மாமா உள்ள வர்றேன்" என்றான் பாவம். அவன் டிவி மெக்கானிக். பையைக் கீழே வைத்ததும் வேலையில் இறங்கிவிட்டான்.

ஏரியல் ஒயரைக் கழற்றி மாட்டினோம். பட்டன்களுக்குள் ஸ்பிரே அடித்து இருபது முறை அழுத்தினோம். ம்ஹூம். ஆனால் மீடியம் வேவ் கணீரென்று பாடியது.

"அப்ப கரண்ட், ஸ்பீக்கர் எல்லாம் சரி. எஃப்.எம்முக்குன்னே தனியா இருக்கிற வால்வுலதான் கோளாறு" என்றான். "அது போயிருந்தா இனிமே தேடித்தான் வாங்கணும். மணி பத்தரை. பேசாம டீக்கடையில போய்க் கேட்டுட்டு வந்துடுவோம் மாமா. அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா முடியாது" என்றேன். முதல் தடவையாக அவள் பேசுகிறாள். வந்து முகத்தைப் பார்த்துக் கேட்பாளே!

"சரி, கடைசியா எஃப்.எம். எப்ப கேட்டீங்க?"

"ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அப்புறம் மீடியம் வேவ்ல செய்தி மட்டும்தான்..." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பெட்டி மேல் ஒரு பொட்டு வைத்தால் போதாதா என்று ஆயுத பூஜை அன்றே என் மனைவி கேட்டாள். நான்தான், உழைக்கிறது வால்வுதானே, அதற்கல்லவா பூஜை என்று வியாக்கியானம் பேசி, ஆறு வால்வையும் கழற்றி வாழை இலையில் வரிசையாக நிற்க வைத்தேன். திரும்ப மாட்டும்போது இடம் மாறக்கூடாது என்று நம்பர்கூடப் போட்டேன். அவ்வளவு புத்திசாலி! இலையின் ஒரு முனையில் சந்தனம் கரைத்து வைத்த ஈரத்தைத்தான் பார்க்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறட்டும் என்று பொறுத்து, எஃப்.எம். வால்வை உருவினோம். அதன் அடியில் இருக்கும் ஊசிக் கால்களில் காய்ந்த சந்தனம் மஞ்சளாக அப்பியிருந்தது. மச்சான் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சாமிக்கு ரொம்ப ஜாஸ்தியா பண்ணிட்டீங்க மாமா" என்று சுவரில் சாய்ந்து சிரித்தான்.

பழைய டூத் பிரஷில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு காலாகத் தேய்த்தேன். ஈரம் காய்ந்ததும் மாட்டி, சுவிட்சைப் போட்டபோது பதினொன்றுக்கு ஒரு நிமிடம். வால்வு சூடேறும் அந்த அரை நிமிடம் மூச்சே விடவில்லை. புஸ்ஸென்று இரைச்சல். அப்பாடா! முள்ளை மெல்ல நகர்த்தினேன். அவளேதான்! வணக்கம் சொல்லும்போது குரல் லேசாக உதறியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருவே கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"பார்த்தியாடா, என் பெட்டி..." என்று மச்சானிடம் ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுக்காரர் இப்ப கேட்டுக்கிட்டிருப்பாரு" என்றது ரேடியோ. "முப்பது வருஷமா, ரேடியோ கேக்குறேன், கொஞ்சம் பேசாம இருன்னு என்னைச் சொன்னவரு. இன்னைக்கு ரேடியோவுலயே நான்தான் பேசுறேன். என்னங்க, கொஞ்சம் பேசாம இருங்க!"

அதிரசம் சுட்டு முடிக்கும்வரை நான் வாயே திறக்கவில்லை.