மூன்றாம் கொட்டில்

இதை எழுதலாமா வேண்டாமா என்றே ஆறேழு வருடம் ஓட்டிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடப் பாதிதான் சொன்னேன். இப்போது முழுதும் சொல்கிறேன், மாதா துணை நிற்கட்டும்.

ஆவூருக்கு மேற்கே ஒரு பன்றிப் பண்ணையில் எனக்குத் தீனி வைக்கும் வேலை. கொட்டில் கழுவியவரை அக்கா என்போம். புருஷன் இல்லாதவர், அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. பன்றிகளுக்கு வரும் ஃப்ளூ காய்ச்சலுக்கு இரண்டு தடுப்பு மருந்தில் எது நல்லது என்று பார்க்க ஒரு டாக்டரம்மா வந்தார். முதல் கொட்டிலின் எட்டுக் குட்டிகளுக்கு, உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த மருந்து, மூக்கில் சொட்டாக. இரண்டாவது எட்டுக்கு, கொன்ற கிருமியில் செய்தது, கழுத்தில் ஊசியாக. ஒப்பிட்டுப் பார்க்க, மூன்றாவது எட்டுக்கு ஒன்றும் கிடையாது. பிறகு எல்லாவற்றுக்கும் காய்ச்சலைக் கொடுத்துப் பார்ப்பார்களாம். மிஞ்சிய சொட்டு மருந்தைக் கொதிநீரில் கொட்டச் சொல்லி என்னிடம் தந்தார்கள். தவக்காலம் வேறு, எனக்கு மனசு கேட்கவில்லை. சிலுவை அடையாளம் போட்டு, மூன்றாம் கொட்டில் குட்டிகளின் மூக்கில் அதை விட்டேன்.

காய்ச்சல் கொடுத்தபின் ஊசி போட்டவை லேசாக இருமின. மூன்றாம் கொட்டில் துள்ளித் திரிந்தது. ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஐந்தாம் நாள் நுரையீரலைப் பார்க்க இருபத்து நாலையும் அறுத்தார்கள். அப்படி ஒரு நாள் உண்டென்பதே எனக்குத் தெரியாது. மூன்றாம் கொட்டில் குட்டிகளிலும் சொட்டு மருந்தின் கிருமி தெரியவே, டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டார்.

“கொட்டிலுக்குக் கொட்டில் பூட்ஸ் மாத்தச் சொன்னேன்ல? ஒன் சோம்பேறித்தனத்துக்கு இருபத்து நாலு உசுரு வீணாப் போச்சு.”

“மாத்துனேங்க டாக்டரம்மா. வெளக்குமாத்தக்கூட மாத்துனேன்.”

“பன்னிக்குத் தெரியுற சுத்தம் ஒனக்குத் தெரியல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றே அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகிற வழியில் என்னிடம் வந்தார். “நீ சொட்டு ஊத்துனத நான் பாத்தேன்டா. நாஞ் சொன்னா பழி போடுறான்னுவாங்க. நீயாச் சொல்லுவன்னு நின்னேன்.”

“எனக்கும் புள்ளகுட்டி இருக்குக்கா,” என்றேன்.

“இருக்கட்டும். அடுத்து வர்றதுகளையும் அறுக்க நீயே புடிச்சுக் குடு.”

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்துபார்க்க, மறுமாதம் வேறு இருபத்து நாலு வந்தன. இந்த முறை மூன்றாம் கொட்டிலின் எட்டும் மூச்சிரைத்துக் கிடந்தன. தண்ணீர்த் தொட்டிவரைகூட நடக்க முடியவில்லை. சொட்டு மருந்துதான் காய்ச்சலை நன்றாகத் தடுக்கிறது என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாக நான்தான் பிடித்துக் கொடுத்தேன். தெம்பாய் இருந்தவை தீனி என்று நினைத்து என் கையைத் தேடி ஓடி வந்தன.

யாரிடமாவது இதைச் சொல்வதானால், இரக்கப்பட்டுச் செய்தான் என்பதோடு நிறுத்தி என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள். நான் சிரித்ததையும் விடாமல் சொல்லுங்கள்.