மாமாவின் இரத்தம், என் பெயர்

எனக்குப் பத்து வயதில் மலேரியா வந்தது. வந்ததாகக் கடுதாசியில் எழுதியிருந்தது; எனக்குத் தலையிடிகூட இல்லை.

அந்த வருடம் புத்தூரில் வீட்டுக்கு வீடு குலைப்பன் காய்ச்சல், அதுதான் மலேரியா. எங்கள் வீட்டில் அம்மாவின் தம்பி, என் மாமா, பத்து நாளாக நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அதைக் காய்ச்சல் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாமா கள்ளுக் குடிப்பவர். அவருக்கு எது வந்தாலும் கள்ளால் வந்தது என்பதுதான் எங்கள் வீட்டுத் தீர்ப்பு. கண் மஞ்சளித்து, முகம் வெளிறி, ஆள் பாதியாகிவிட்டார். "கள்ளு அவன்ரை இரத்தத்தைக் குடிச்சிட்டுது" என்பார் அம்மா. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். மாமா குடிப்பது தினமும். நடுங்குவது ஒருநாள் விட்டு ஒருநாள். என்னை யார் கேட்டார்கள்?

இந்தச் சந்தேகப் புத்திதான் என்னை மாட்டிவிட்டது. கள்ளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அறிய, மாமா வைத்துவிட்டுப் போன பனையோலைப் பிளாவில் மிச்சமிருந்ததை ஒருநாள் குடித்துப் பார்த்தேன். சீ, ஒரே புளிப்பு! திரும்பினால் மாமா நிற்கிறார். அடிக்கவில்லை. "இனி அது உன்ரை இரத்தத்திலை நிக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடியிலை விட்டுப் பாத்தால் டாக்குத்தருக்குத் தெரிஞ்சுபோம்" என்றார், சிரிக்காமல்.

மூன்றாம் நாள், வீடுவீடாக இரத்தம் எடுத்துச் சோதிக்கும் மலேரியாக்காரர் வந்துவிட்டார். பை நிறையச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொருவர் விரலிலும் குத்தி, ஆளுக்கொரு சொட்டு எடுத்துப் பெயர் எழுதினார். மாமாவைப் பற்றிக் கேட்டபோது அப்பா, "உவனுக்கு என்ன சோதினை? உது கள்ளு நடுக்கம்" என்று முடித்துவிட்டார். நான் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். விஷயம் தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார்.

"பிள்ளை பயப்பிடுது, நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று ஊசியையும் என் பெயரெழுதிய கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு மாமாதான் என்னிடம் வந்தார். நான் அழுதேன். "மாமா, கள்ளுத் தெரிஞ்சுபோம்."

மாமா முற்றத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தன் விரலில் குத்தி, அந்தச் சொட்டை என் கண்ணாடியில் வைத்தார். கொடுக்கும்போது, "வடிவாக் கவனமாப் பாருங்கோ தம்பி" என்று அவர் சொன்னது கொட்டில்வரை கேட்டது. மாமாவின் இரத்தத்தில் என்னுடையதைவிட எவ்வளவு கள்ளு இருக்கும் என்பது மலேரியாக்காரர் படலையைத் தாண்டிய பிறகுதான் என் மூளையில் ஏறியது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் கடுதாசியோடும் விழுங்கக் குளிசைகளோடும் மலேரியாக்காரர் திரும்பி வந்தார். எனக்கு மலேரியாவாம். அம்மா தலையில் கைவைத்தார். மாமாவோ உள்ளே இரண்டு சாக்குக்கு அடியில் பல் கிடுகிடுக்க, எழும்பவும் முடியாமல் கிடந்தார். நான் குளிசையைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன்.

"அது என்ரை இல்லை! மாமான்ரை இரத்தம்!"

பிளாவில் குடித்த கதையையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். அப்பாவிடம் இரண்டு அறை வாங்கியும் என் ஆவல் அடங்கவில்லை.

"கள்ளுத் தெரிஞ்சதோ?" என்று மலேரியாக்காரரைக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஒரு வாய்க் கள்ளு இதிலை தெரியாது, பிள்ளை. காய்ச்சற் கிருமிதான் தெரியும்."

மாமாவின் விரலில் மறுபடி குத்தினார்கள், இந்தமுறை அவர் பெயரில். குளிசையோடு நடுக்கம் நின்றது. கள்ளு நிற்கவில்லை.

இப்போது ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்ப்பதுதான் என் வேலை. கனகாலம் குடிப்பவரின் சிவப்பணுக்கள் பருத்துத் தெரியும். மலேரியாக் கிருமி அந்த அணுவுக்குள்ளேயே இருந்து அதை உடைக்கும். இரண்டும் ஆளை வெளிறவைக்கும். கண்ணாடி பிரித்துச் சொல்லும், வீடு சொல்லாது.

மாமா என்னைக் காப்பாற்றத்தான் விரலைக் குத்தினார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். தன் பெயரில் ஒரு கண்ணாடி கேட்க வெட்கப்பட்டு, அந்த மனிதர் என் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்பது, கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எனக்கு அன்று விளங்கவில்லை.