தலையில்லாத மீன்

மீன் வாங்குவதில் என்னை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு மீன் பார்க்கவும் பழகிவிடும். கண் பளபளவென்று முழித்துக்கொண்டிருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. தலையை வெட்டிப் போட்டுவிட்டு விற்கிறவளிடம் நிற்கவே கூடாது, அவள் எதையோ மறைக்கிறாள். இதெல்லாம் என் அம்மா போட்ட சட்டம். பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாக்கள் என்னைத் தூரத்தில் கண்டாலே, "வந்துட்டாருடி செவுளு டாக்டரு" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட என்னைத்தான் என் மனைவி டின் மீன் வாங்கிவரச் சொன்னாள்.

அவள் டவுனில், உப்பளம் பகுதியில் வளர்ந்தவள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அப்பாவுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன், பெரியம்மாவுக்குப் பாரிசில் குடித்தனம். அந்தப் பெரியம்மாவை இவள் ‘தாந்த்’ என்று கூப்பிடுவாள். தாந்த் லீவுக்கு வந்தால் பெட்டியில் சாக்லேட்டும் சென்ட்டும் இருக்கும், அவற்றுக்கு நடுவே துண்டில் சுருட்டிய மத்தி மீன் டின்களும் இருக்கும். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு பாரிசிலிருந்து மத்தி வரவழைத்துத் தின்கிற குடும்பம்! கல்யாணமான புதிதில் நான் சும்மா இருந்திருக்கலாம். "கொல்லன் தெருவுல ஊசி விக்கிறவன கேள்விப்பட்டிருக்கேன். கொல்லனே வெளியூர்ல ஊசி வாங்குறத உங்க வூட்லதான் பாக்குறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு தட்டில் வந்தது, பேச்சு வரவில்லை.

பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். மசக்கை என்றால் சாதாரண மசக்கை இல்லை. தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்தது. நான் செவுள் பார்த்து வாங்கிவந்த சங்கராவின் வாசனைக்கு, லாஸ்பேட்டையில் நாங்கள் குடியிருந்த மாடியிலிருந்து கீழே வாசல்வரை ஓடினாள். கன்னம் ஒட்டிப்போய், வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. டாக்டரம்மா எடை பார்க்கும் மெஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "இப்படியே எறங்கிக்கிட்டுப் போனா அட்மிட் பண்ணி டிரிப்ஸ்தான் ஏத்தணும். எதையாவது சாப்பிட வைங்க." 

அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்துப் படுத்தபடி அவளே சொன்னாள்.

"தாந்த் கொண்டாருவாங்க இல்ல, அந்த மத்தி. பகேத் ரொட்டிய நீட்டா வெட்டி, வெண்ண தடவி, மேல அந்த மீன வச்சி... அது குடுத்தா சாப்பிடுவேன்."

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு எங்கள் வீட்டுப் பேச்சு எல்லாமே கேட்கும். படியேறி வந்துவிட்டார்கள். "தம்பி, மசக்கைக்காரி ஆசப்பட்டத வாங்கிக் குடுத்துடுங்க. இல்லாட்டி பொறக்கற புள்ளைக்கிக் காதுல சீழு வடியும்." எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துளி நம்பிக்கை கிடையாது. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடையில் போய் நின்ற பிறகுதான் என் வித்தை அத்தனையும் வீண் என்று புரிந்தது. கண் எங்கே, செவுள் எங்கே? எல்லாம் மூடிக் கிடக்கிறது. ஒவ்வொரு டின்னாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். வேறு வழி தெரியாமல் காதோரம் வைத்துக் குலுக்கினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "சார், அது மீனு சார். தேங்கா இல்ல" என்றார்.

முதல் டின்னில் தக்காளிச் சாறு. மூடியைத் திறந்ததுமே அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது இல்ல" என்றாள். அடுத்தது மிளகாய் போட்டது. "இது இல்ல." அதற்கடுத்தது எண்ணெயில் ஊறியதுதான், ஆனால் மத்தி என்று எழுதியிருந்த டின்னுக்குள் வேறு என்னவோ மீனின் துண்டம் கிடந்தது. எட்டியே பார்க்கவில்லை, படுத்தபடியே "இது இல்ல" என்றாள். ஊரில் இருக்கிற பெரிய கடை, சின்னக் கடை எதையும் விடவில்லை நான். அவள் வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் யார் சாப்பிடுவது? காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, என் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் போனது. ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரமாக இடம் மாறிக்கொண்டார்.

கடைசியில் பாரிசுக்கே போன் போட்டேன். தாந்த் பதறிவிட்டார்கள். பேறுகாலத்துக்கு வருவதாகத்தான் அவர்கள் டிக்கெட் எடுத்திருந்தார்கள். அதுவரை தாங்காது என்று, ஊருக்கு வருகிற அரியாங்குப்பத்துக்காரர் ஒருவரிடம் ஒரே ஒரு டின்னைக் கொடுத்தனுப்பினார்கள். "மாப்பிள்ள, அது சாதா டின்னு இல்ல. அலமாரில வச்சி வருசக்கணக்கா திருப்பித் திருப்பிப் போட்டிருக்கேன். அப்பதான் எண்ணெ ரெண்டு பக்கமும் ஊறும். பத்திரம்." நாங்கள் ஊறுகாய் ஜாடியைக் குலுக்குகிற மாதிரி அங்கே டின்னைத் திருப்புவார்கள் போலிருக்கிறது. நானும் வாயை மூடிக்கொண்டு, "சரிங்க தாந்த்" என்றேன்.

பாலத்தைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போய் டின்னை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி வந்தேன். சமையல் மேடையில் வைத்துவிட்டு, மறந்துபோன ரொட்டிக்காக மறுபடி கிளம்பினேன். பகேத் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். மருமகள் உடம்பைப் பார்க்க, கொல்லையில் விளைந்த வேர்க்கடலையை ஆட்டிய ஒரு கேன் மல்லாட்டை எண்ணெயும் ஒரு கட்டு முருங்கைக்கீரையுமாக வந்தவள், பின்பக்கம் உட்கார்ந்து தெருப் பூனைக்கு எதையோ வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தேன்டா" என்றாள் என்னைப் பார்த்ததும். "உனுக்கு இன்னாடா ஆச்சி? தலையில்லாத மீனப் போயி வாங்கியாந்திருக்கற! மேடயில இருந்துச்சி, அந்தப் பொண்ணு தூங்குது, சரி கழுவி வைப்பம்னு தெறந்து உப்பு மஞ்சா போட்டு அலசுறேன், கைய வச்சாலே கரையுது. முள்ளுகூட நசுங்குது. அழுவிப்போன மீன எண்ணெயில போட்டுக் குடுத்து ஏமாத்திட்டான்டா உன்ன!"

காலடியில் அந்தப் பூனை வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு நின்றது. பாரிஸ் மத்தி தின்ற பூனை லாஸ்பேட்டையிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் பகேத்தாலேயே சுவரில் அடித்தேன், அது இரண்டாக உடைந்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்த மனைவி காலி டின்னையும் பூனையையும் பார்த்தாள்.  அப்படியே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினாள். 

விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "அய்யய்யோ, என் கையாலயே என் பேரப்புள்ள காதுக்குக் கேடு தேடிட்டேனே!" என்று மடேர் மடேரென்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எவ்வளவு பெரிய மீன், புளிப்பு உண்டா, மிளகு உண்டா, எண்ணெய் எப்படி மணக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவளும் விக்கி விக்கிச் சொன்னாள்.

விடிந்ததும் அம்மாவும் நானும் மார்க்கெட்டில் நின்றோம். இரண்டு செவுள் டாக்டர்களை ஒன்றாகப் பார்த்த மீன்காரம்மா பேரம்கூடப் பேசவில்லை. மத்தியின் தலைகளை வீட்டுக்கு வந்து அம்மாவே வெட்டினாள். வாசனை கீழே இறங்கக் கூடாது என்று மொட்டைமாடியில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினாள். தூக்குச் சட்டியில் மீனை அடுக்கி, உப்பு போட்டு, எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு கிள்ளிப் போட்டு, முழுக முழுக எங்கள் கொல்லை மல்லாட்டை எண்ணெயை ஊற்றி மூடினாள். அதைக் குக்கருக்குள் தண்ணீர் விட்டு உட்காரவைத்தாள். விசில் அடித்துக்கொண்டே இருந்தது. முள் மாவாகிற மட்டும் விடவில்லை. ஒரு பகல் முழுக்க அப்படியே ஊறட்டும் என்று மூடியைத் தொடவும் விடவில்லை.

பரிமாறுகிற நேரத்தில் முந்தானையிலிருந்து அந்தப் பாரிஸ் டின்னை எடுத்தாள். மீனைத்தான் பூனைக்குப் போட்டிருந்தாள். டின்னை, நல்ல தகரமாச்சே என்று தேய்த்து, விளிம்பைக் கல்லால் தட்டி மழுக்கி, ஊருக்கு எடுத்துப்போகப் பைக்குள் வைத்திருந்தாளாம். அதில் மீன்களை வால் மாற்றி வால் அடுக்கி எண்ணெய் ஊற்றி நீட்டினாள்.

மனைவி டின்னைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். ரொட்டியில் வைத்து ஒரு வாய் கடித்தாள். நான், அம்மா, படியில் நின்ற வீட்டுக்காரம்மா மூன்று பேரும் மூச்சு விடாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. திரும்பி வரவில்லை. அடுத்த வாய் கடித்தாள். டின்னை ரொட்டியால் துடைத்துத் தின்று முடித்த பிறகுதான், "இதுதான் அத்த" என்றாள். எனக்கு மிச்சம் ஒரு வால்கூட வைக்கவில்லை. நான் சந்தோஷத்தில் உடைந்த பகேத்தின் மறுபாதியை வெறுமனே கடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா ஊருக்கே போகவில்லை. டின் காலியாகக் காலியாக மொட்டைமாடியில் அடுப்பு புகைந்தது. மருமகளுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது, டாக்டரம்மா டிரிப்ஸ் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

நிறைமாதத்தில் தாந்த் வந்து இறங்கினார்கள். பெட்டியில் துணியைவிட டின்தான் அதிகம். இருப்பதிலேயே பழைய டின்னைப் பொறுக்கியெடுத்துத் திறந்து, பீங்கான் தட்டில் மீனை உடையாமல் எடுத்து வைத்து, பிள்ளைத்தாச்சிக்குத் தம் கையாலேயே ஊட்டினார்கள். இவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விழுங்கினாள். தட்டை மெதுவாக நகர்த்தினாள்.

"மெர்சி தாந்த். ஆனா... இது இல்ல."

தாந்த் என்னைப் பார்த்தார்கள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அம்மா மட்டும் அந்தப் புது டின்னைக் கையில் எடுத்து, உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தகரம் நல்ல தகரம் சம்மந்தி" என்றாள். "அடுத்த தபா வர்றப்ப வெறும் டின்ன மட்டும் கொண்டாங்க. மீன நான் பாத்துக்கறேன்."