மூன்று குரலில் ஒரு வரி

திரையில் வரி வந்ததுமே அவருடைய உதடு அசையத் தொடங்கிவிடும். "உன்னைக் கொன்னுடுவேன்டா." முதலில் அம்மா குரலில், பால் தம்ளரோடு பிள்ளையைத் துரத்துகிறவள் சொல்வதுபோல. அடுத்து சிநேகிதன் குரலில், தோளில் ஒரு குத்து விட்டுச் சொல்வதுபோல. மூன்றாவது, கதவைத் தட்டுகிறவனின் குரல். மெதுவாக, கொஞ்சமும் அவசரமில்லாமல். மூன்றில் எது அந்த வரிக்குப் பொருந்துகிறதோ அதைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துவார். 'இருக்கட்டும்', இல்லையென்றால் 'நீக்கு'. எல்லாம் முப்பது விநாடிக்குள். பிறகு அடுத்த வரி.

ஒரு நாளைக்கு அறுநூறு வரிகள். கோடிப் பேர் எழுதித் தள்ளும் ஒரு வலைத்தளத்தில், தமிழில் யாராவது யாரையாவது மிரட்டுகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. வலைத்தளம் நடத்துவது ஒரு நிறுவனம். அதற்காக ஆள் வைத்து இந்த வேலையைச் செய்வது இன்னொரு நிறுவனம். கழுத்தில் தொங்கும் அட்டையில் இருப்பது இரண்டாவதன் பெயர். அட்டைப் புகைப்படத்தில் அவர் கண்ணை மூடியிருக்கிறார். "மாத்தித் தரேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். இந்த வேலைக்கு இதுதான் பொருத்தம்."

நான்காவது மாடியில், சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய நீளமான அறை. பதினோரு மொழிகளுக்குப் பதினோரு வரிசை. தமிழ் வரிசையில் நான்கு நாற்காலி. உள்ளே போகுமுன் கைப்பேசியைப் பூட்டி வைக்க வேண்டும். மேசையில் தாள் கூடாது, பேனா கூடாது. யாரும் எதையும் எழுதி வெளியே கொண்டுபோய்விடக் கூடாதாம். சந்தேகமான சொல் வந்தால் ஆள்காட்டி விரலால் தொடையில் எழுதிப் பார்த்துக்கொள்வார். புடவை கட்டி வந்த நாளில் முந்தானையில் எழுதுவார்.

மற்ற மூவரும் அவரை 'அகராதி' என்று கூப்பிடுகிறார்கள். அர்த்தம் கேட்டால் சொல்வதால் என்பது ஒரு விளக்கம். "அகராதி பிடிச்சவன்னு நேரா சொல்ல தைரியம் இல்ல, அதான் பாதியோட நிறுத்திக்கிட்டாங்க" என்பது அவருடைய விளக்கம். வயது நாற்பத்தாறு. இதற்கு முன் பதினோரு வருடம் மின்வாரியப் புகார் மையத்தில் தொலைபேசி எடுத்தவர். "கரண்டு போச்சுன்னு சொல்றவங்க கோபமா இருக்காங்களா, பயந்து போயிருக்காங்களான்னு முதல் ஹலோலயே தெரிஞ்சிடும். இங்க ஹலோ கிடையாது. எழுத்துக்கு ஏது தொண்டை? அதான் நான் குடுக்கறேன்."

முதலில் வரியைப் பிடிப்பது எந்திரம். அதன் தமிழறிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு டீ ஆறிவிடும். "எங்க வீட்டுக் குண்டு வந்தாச்சு" என்று குழந்தைப் படம் போட்ட தகப்பனின் கணக்கை அது இரண்டு நாள் முடக்கியது. அது கண்டது வெடிகுண்டு. பாட்டுப் பாடியவளிடம் "கொன்னுட்டே போ" என்றவனைக் கொலைகாரன் என்றது. "தலைய வெட்டிக்கிட்டு வா, பொண்ணு வீட்டுல பாக்க வராங்க" என்ற அக்காவையும் விடவில்லை. ஆனால் "நல்லா இருடா, நல்லா இரு" என்று வயிறெரிந்து எழுதியதை வாழ்த்து என்று உள்ளே அனுப்பிவிடும். "அதுக்கு நம்ம வசவும் புரியல, வாழ்த்தும் புரியல. எந்நேரமும் கல்யாண வீட்டுல செவிட்டு மாமா மாதிரி உக்காந்திருக்கு."

முன்பு மூன்று பொத்தான் இருந்தது. மூன்றாவது, 'தெரியவில்லை'. அதை அழுத்தினால் வரி தனியே ஒதுங்கும். அதற்கு முன்னும் பின்னும் யார் என்ன எழுதினார்கள் என்பதை இரண்டு பேர் சேர்ந்து நிதானமாகப் படித்துத் தீர்ப்பார்கள். பதினோரு மொழியில் அந்தப் பொத்தானை அதிகம் அழுத்தியது தமிழ் வரிசை. தமிழ் வரிசையில் அதிகம் அழுத்தியவர் அகராதி. ஒரு திங்கட்கிழமை காலை திரையைத் திறந்தால் அது இல்லை. தாமதம் ஆகிறது, எந்திரம் கற்றுக்கொள்ளத் தெளிவான முடிவுகள் வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எந்திரம் கற்றுக்கொள்வது இவர்கள் அழுத்தும் பொத்தானிலிருந்துதான்.

அன்றே அவர் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். தமிழில் ஒரே சொல் அணைக்கும், அதே சொல் அடிக்கும் என்று எடுத்துக்காட்டு கொடுத்து எழுதினார். அதில் முதல் எடுத்துக்காட்டு 'பாத்துக்கறேன்'. காய்ச்சலில் கிடக்கிறவளிடம் சொன்னால் ஆறுதல், தெருமுனையில் நின்று சொன்னால் மிரட்டல். ஆறாம் நாள் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். "மேலேருந்து விரல் வந்துச்சு. கை வரல" என்கிறார்.

அந்த வரி வந்தது அடுத்த மாதம்.

தையல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணின் காணொளிக்குக் கீழே ஒருவன் எழுதியிருந்தான்: "கவலைப்படாதே. இனிமே உன்னை நான் பாத்துக்கறேன்." அந்தப் பெண்ணே அதைப் புகார் செய்திருந்தாள். எந்திரம் 'இதில் தவறில்லை' என்று குறித்து, ஒப்புக்கு மனிதக் கண்ணுக்கு அனுப்பியது. அகராதி அம்மா குரலில் படித்தார், பொருந்தியது. சிநேகிதன் குரலில் படித்தார், அதுவும் பொருந்தியது. மூன்றாவது குரலுக்கு வாயைத் திறக்கும்போது திரை மூலையில் ஓடும் கடிகாரம் சிவப்பாகிவிட்டது. விரல் தானாக 'தெரியவில்லை' இருந்த இடத்துக்குப் போனது. அங்கே வெறும் சாம்பல் நிறம். 'இருக்கட்டும்' என்று அழுத்தினார்.

எட்டாம் நாள் அவன் அந்தப் பெண்ணின் கதவைத் தட்டினான். திறந்தவளின் வலது மணிக்கட்டை உடைத்துவிட்டுப் போனான். கட்டுப் போட்ட கையோடு அவள் கடைசியாக ஒரு காணொளி போட்டாள். "நான் முன்னாடியே சொன்னேன். யாரும் கேக்கல" என்று இரண்டு வாக்கியம். மறுநாள் கணக்கை மூடிவிட்டாள். வீட்டில் மகளின் கைப்பேசியில் அந்தக் கடைசிக் காணொளியைப் பார்த்த அகராதி, அவளுடைய பழைய காணொளிகளையும் அன்றைக்கே உட்கார்ந்து பார்த்திருந்தார். "ஊசில நூல் கோக்கும்போது நாக்க லேசா கடிச்சுக்குவா. அவ்வளவுதான் எனக்கு அவளைத் தெரியும். போய்ப் பாக்கக் கூடாதாம், எழுதக் கூடாதாம். விதி."

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சைவிடத் தலையாட்டல் அதிகம். தண்ணீர் மோட்டார் ஒழுகிய அன்று அவர் வழக்கம்போல "மோட்டாரை நான் பாத்துக்கறேன்" என்றார். இவர் விடவில்லை.

"என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க."

"பாத்துக்கறேன்னா பாத்துக்கறதுதான். அதுக்கு மேல என்னத்த சொல்ல?"

"வாஷர் மாத்தப் போறேன்னு சொல்லுங்க. ஆளைக் கூப்பிடப் போறேன்னு சொல்லுங்க. அந்த வார்த்தை வேண்டாம்."

"சரி தாயே, வாஷர் மாத்தறேன்" என்றவர் மகள் பக்கம் திரும்பி, "இந்த வீட்டுல இனிமே விண்ணப்பம் எழுதிக் குடுத்துட்டுத்தான் பேசணும்" என்றார். பள்ளி முடிக்கப்போகும் மகளுக்கு வாய் அம்மாவுடையது. "அப்பா, நீங்க பேசினது இருக்கட்டுமா, நீக்கிடவா?" மூவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது அகராதி.

பத்திரிகைகள் வலைத்தளத்திடம் கேள்வி கேட்டன. வலைத்தளம் நிறுவனத்திடம் கேட்டது. நிறுவனம் நான்காவது மாடியிடம் கேட்டது. கேள்வி படியிறங்கி வந்து நின்ற இடம் தமிழ் வரிசை, இரண்டாவது நாற்காலி, அகராதி. ஒரு பக்க ஒப்புதல் கடிதம் தயாரானது. ஊழியருக்குப் புரிய வேண்டும் என்பதால் தமிழில். அச்சாகுமுன் பிழை பார்க்கத் தமிழ் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்பினார்கள், யாருக்கான கடிதம் என்று பார்க்காமலேயே. அகராதிக்கே வந்தது. அவர் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பினார். மூன்றாவதாக ஒரு திருத்தம் கேட்டார்.

கடிதத்தின் நடுவில் இப்படி ஒரு வரி: "இந்தத் தவறு என்னால் நேர்ந்தது." அதை 'என்னாலும்' என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

"என் மேல தப்பில்லன்னு நான் சொல்லவே மாட்டேன். அழுத்தினது என் விரல். ஆனா 'என்னால்'னு புள்ளி வச்சா அங்கயே முடிஞ்சுபோச்சு. 'என்னாலும்'னா அடுத்த கேள்வி வரும் பாருங்க, வேற யாராலன்னு. அப்ப பொத்தானை எடுத்தது யாருன்னு பேசியாகணும். இல்லன்னா அது திரும்ப வராது. நான் தப்பா அழுத்தினதை வச்சு அந்த எந்திரம் இப்பவும் பாடம் படிச்சுக்கிட்டிருக்கு. இதே மாதிரி வரி வந்தா இருக்கட்டும்னு அதுவே விட்டுடும்."

சட்டப் பிரிவுக்கு 'உம்' என்றால் என்னவென்று யாரோ விளக்கியிருக்க வேண்டும். பதில் இந்த முறை ஒரே நாளில் வந்தது. திருத்தம் ஏற்கப்படாது, மாற்றம் செய்த கடிதம் கையெழுத்திடாத கடிதமாகவே கொள்ளப்படும், வெள்ளி மாலைக்குள் வராவிட்டால் திங்கள் காலை அட்டைக்குக் கதவு திறக்காது.

வெள்ளி மூன்றரை மணிக்கு, கட்டடத்தின் கீழ்த்தளத்து டீக்கடைக்கு அகராதியைத் தேடிக் கடிதத்தோடு வந்தார் குழுத்தலைவர். முப்பதைத் தொடாத இளைஞர். சட்டைப்பையில் எப்போதும் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை. அகராதியைத் தவிர வேறு யாரையும் அவர் அந்தக் கட்டடத்தில் அக்கா என்று கூப்பிடுவதில்லை.

"அக்கா, ஒரே ஒரு எழுத்துக்காக வேலையை விடுவாங்களா?"

"ஒரு எழுத்தைப் பாக்கறதுக்குத்தானே தம்பி என்னை வேலைக்கு வச்சிருக்கீங்க?"

"விளையாடாதீங்க. நான் மேல எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன். எனக்கும் புரியுது. ஆனா நான் என்ன, பெரிய ஆளா?" மாத்திரை ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார். "கையெழுத்தப் போட்டுருங்கக்கா. மத்ததெல்லாம் கம்பெனி உங்களைப் பாத்துக்கும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. மேசையில் டீ வடிந்திருந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அகராதியின் உதடு அசைந்தது. "கம்பெனி உங்களைப் பாத்துக்கும்." அம்மா குரல். கொஞ்சம் இடைவெளி விட்டு, சிநேகிதன் குரலில், "கம்பெனி உங்களைப் பாத்துக்கும்." இங்கே கடிகாரம் இல்லை. மூன்றாவது குரலுக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டார். பக்கத்து மேசையில் தம்ளரை எடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பேனா இருக்கா தம்பி?"

குழுத்தலைவர் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு பேனா பிடிக்கும் கை. முதல் கோடு மை வராமல் தாளைக் கீறியது. கடிதத்தின் அடியில், கோடு போட்ட இடத்தில், தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். குழுத்தலைவர் பெருமூச்சு விட்டு, தாளை வாங்கக் கை நீட்டினார்.

"இருப்பா" என்று இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டார் அகராதி. பேனா மேலே, நடு வரிக்குப் போனது. 'என்னால்' என்பதன் கடைசி எழுத்தின் தலையிலிருந்த புள்ளியை அடித்தார். அந்த எழுத்துக்குக் கீழே ஒரு சுழி போட்டார். அடுத்த சொல்லுக்கு முன் இடம் கொஞ்சம்தான் இருந்தது. அந்த இடத்துக்குள் அடங்கும்படி, சின்னதாக, ஒரு 'ம்' எழுதினார்.